மூன்றாம் கவுண்டரும் பதினாறு பிராசஸர்களும்

உங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "தரவுத்தளத்தின் வேகத்தைக் கூட்டச் சில குறிப்புகள்" என்று தலைப்பையும் அவர்களே போட்டு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இதுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது குறிப்பு வேண்டுமாம். தம்பி தங்கைகளே, குறிப்புகள் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. நான் மாய்ந்து மாய்ந்து எழுதிக் கொடுத்தாலும் நீங்கள் இணையத்தில்தான் தேடப் போகிறீர்கள். அங்கே கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தவறு அது. அதில் பாதியைக் கணினியில் செய்தேன். அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. மறுபாதியை வாயைத் திறக்காமல் செய்தேன்.

நீங்கள் இப்போது உட்காரும் மூன்றாவது மாடி அறை எங்கள் காலத்தில் கிடையாது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நானும் கணினியும் இருந்தோம். டேட்டாபேஸ் வேலைக்கு நான் ஒருத்திதான். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். யாராவது படி இறங்கி வந்தால் மேலே ஏதோ நின்றுவிட்டது என்று அர்த்தம். திருச்சி பாலக்கரையில் என் வீட்டிலும் நான் தனிதான். அம்மா போன பிறகு அங்கேயும் கேட்க ஆள் இல்லை. காலையில் எட்டு மணிக்கு வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னால், அடுத்து நான் மனிதர்களோடு பேசுவது மதியம் ஒன்றேகாலுக்குத்தான். அப்போதுதான் வசந்தா சாப்பாட்டு டப்பாவோடு கீழே வருவாள்.

வசந்தா மேலே ஓ.பி. பதிவில் மூன்றாம் கவுண்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். கணவர் இல்லை, நர்சிங் படிக்கும் ஒரே மகள். பதினோரு வருடம் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். புரட்டாசி மாதம் முழுக்க நான் அவளுக்காகக் கறி கொண்டுபோக மாட்டேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளை என்னைவிட அவள்தான் சரியாக நினைவில் வைத்திருப்பாள். "இன்னைக்கு உங்களுக்குக் கறி கிடையாதே, அதான் வத்தக்குழம்பு கூடவே எடுத்துட்டு வந்தேன்" என்பாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் கட்டடத்தில் என்னை மேடம் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்.

இனி கணினி விஷயத்துக்கு வருகிறேன். பத்து வருடம் முன்பு புதிய சர்வர் வாங்கினோம். பழையதில் நான்கு பிராசஸர். புதியதில் பதினாறு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு வருடம் சண்டை போட்டவள் நான். ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். புதியதில் இருந்த ஒவ்வொரு பிராசஸரையும் தனியாக எடுத்துப் பார்த்தால், பழையதைவிடக் கொஞ்சம் மெதுவானதுதான். பதினாறும் சேர்ந்து இழுத்தால்தான் வேகம். எனக்கு இது தெரியும். தெரிந்தவள்தான் கோட்டை விட்டேன்.

நம்மிடம் வரும் நோயாளிகள் எல்லாரும் ஒரே பெரிய டேபிளில், அதாவது கணினி அட்டவணையில், இருக்கிறார்கள். பெயர், ஊர், நோயாளி எண். கார்டு கொண்டு வந்தால் எண்ணைப் போட்டதும் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். கார்டை மறந்து வந்தால் பெயரை வைத்துத் தேட வேண்டும். அது லேசான வேலை இல்லை. ரங்கராஜன் என்ற பெயரை ஒருவர் ஒரே சொல்லாக அடித்திருப்பார், இன்னொருவர் நடுவில் இடம் விட்டிருப்பார். எங்கே எப்படி இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் டேபிள் முழுவதையும் படித்தாக வேண்டும். அதற்குத்தான் பதினாறு பிராசஸர். டேபிளைப் பதினாறு பங்காகப் பிரித்து வைத்தால் ஆளுக்கு ஒரு பங்கு படிக்கும். கல்யாண வீட்டில் பதினாறு பேருக்கு வெங்காயம் பிரித்துக் கொடுப்பது மாதிரி. ஆனால் கடைசி ஆள் உரித்து முடித்த பிறகுதான் சாம்பார் தொடங்கும்.

நான் எப்படிப் பிரித்தேன் தெரியுமா? பெயரின் முதல் எழுத்தை வைத்து. தேடுவது பெயரைத்தானே, பெயராலேயே பிரிப்போம் என்று ஒரு புத்திசாலித்தனம். மென்பொருள் விற்ற நிறுவனம் சோதித்துப் பார்க்க ஒரு மாதிரி டேபிள் கொடுத்திருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாம் கடல் கடந்த ஊர்க்காரர்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் அளவாக ஆட்கள் இருந்தார்கள். பதினாறு பங்கும் ஏறக்குறைய சமமாக வந்தது, தேடல் பறந்தது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை புதிய கணினி வேலைக்கு வந்தது. முதல் இரண்டு கவுண்டர்களும் ஓடின. மூன்றாம் கவுண்டரில் மட்டும் வரிசை வாசல் வரைக்கும் போய் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. மணப்பாறையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள் பதினொரு மணிக்கும் டோக்கன் கிடைக்காமல் நின்றார்கள். ஒருவர் வரிசையிலேயே மயங்கி விழுந்து, அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதல் இரண்டு கவுண்டர்களும் கார்டு இருப்பவர்களுக்கு என்பதையும், கார்டு மறந்து வருபவர்கள் எல்லாரும் மூன்றாவதுக்குத்தான் போவார்கள் என்பதையும் நீங்கள் இப்போது கவனித்திருப்பீர்கள். அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. மூன்று பேர் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேர் வேகம், ஒருத்தி மந்தம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். அதிலும் அந்த ஒருத்தி மூன்று பேரிலும் வயதில் மூத்தவள்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "கொஞ்சம் வேகமா அடிக்கப் பாரு வசந்தா, புது சிஸ்டம் உனக்கு இன்னும் பழகலை போல" என்று நானே சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். சரிக்கா என்றாள்.

புதன்கிழமை நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. தொழிற்சாலைப் பழக்கத்தில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாதக் கடைசியில் ஒப்பந்த ஊழியர்களைப் புதுப்பிக்க வேண்டும், வசந்தாவும் ஒப்பந்தம்தான்.

"ஒரே கேள்வி மேடம். மெஷினா, ஆளா?"

நான் அவர் முன்னாலேயே என் மடிக்கணினியில் அறிக்கையைத் திறந்து காட்டினேன். சர்வரின் உழைப்பு எவ்வளவு என்று ஒரு கோடு போட்டுக் காட்டும் அறிக்கை அது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மெஷின் கிட்டத்தட்டச் சும்மா உட்கார்ந்திருந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

இதைத் திரும்பப் படியுங்கள். என் வேலைக் காலம் முழுவதிலும் நான் சொன்ன மிக மோசமான வாக்கியம் இதுதான். நான் பொய் சொல்லவில்லை, அறிக்கையில் இருந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கோடு பதினாறு பிராசஸர்களின் சராசரி. பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் முதுகொடியச் சுமந்தாலும் சராசரிக்கு எல்லாரும் ஓய்வாக இருப்பதாகத்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு கேபிள் பார்க்க ஓ.பி. ஹாலுக்குப் போயிருந்தேன். வசந்தா மைக்கில் கூப்பிட்டாள்.

"ஆர். ரங்கராஜன். ஆர். ரங்கராஜன் வாங்க."

ஹாலில் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள்.

"மேலூர் ரங்கராஜன் மட்டும் வாங்க. மத்தவங்க உக்காருங்க."

இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூராம். வசந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்கக்கா, பேரு வெக்கிறதுல எங்க ஊர்ல யாருக்கும் கற்பனையே கிடையாது."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுக்குப் பின்னால் போய் நின்று அவள் திரையைப் பார்த்தேன். அடுத்தவர் பெயரை அவள் அடித்து முடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் 'தேடுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அடித்திருந்த பெயர் ஆர். செல்வம்.

நான் கேபிளை மறந்துவிட்டு அந்த முதல் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாருங்கள், நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பா நிற்கிறார். கடல் கடந்த ஊர்க்காரர்களின் மாதிரி டேபிளில் அப்பா கிடையாது. செல்வத்தைச் செல்வம் என்று நாம் பதிவதில்லை. ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி இன்ஷியலை முன்னால் போட்டுத்தான் பதிவோம். அப்போது கணினிக்கு முதல் எழுத்து ஆர். சுற்றிலும் ரங்கராஜனும் ரங்கநாதனும் ரங்கநாயகியும் ரங்கசாமியும் இருக்கிற ஊர். அதற்கு மேல் ராஜேந்திரன், ராமசாமி, ரவி, ராணி. அவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் பேரில் என்னவாக இருந்தாலும் இன்ஷியலால் ஆர். ஊரில் பெரும்பகுதியைத் தூக்கி நான் ஒரே பிராசஸரின் தலையில் வைத்திருந்தேன். இன்னொரு பங்கில் எங்கள் ஆரோக்கியராஜ், ஆரோக்கியமேரி, அந்தோணி வகையறாக்கள் ஓரளவு கூட்டம் போட்டிருந்தார்கள். கியூவும் எக்ஸும் இருந்த பங்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரைத் தேடினாலும் அந்த ஆர் பங்கு படித்து முடிக்கும்வரை பதில் வராது. அதுவும் பழையதைவிட மெதுவான ஒற்றைப் பிராசஸர்.

வெளியூர்க்காரர் ஒருவர் இப்படிப் பிரித்திருந்தால்கூட மன்னிக்கலாம். நான் இந்த ஊரில் பிறந்தவள். ஏ. ஆரோக்கியமேரி என்று தினமும் இன்ஷியலோடு கையெழுத்துப் போடுகிறவள். வீட்டில் இருக்கும்போது தெரிந்த விஷயம் ஆபீஸ் படி இறங்கியதும் எனக்கு மறந்துவிட்டது.

கீழே வந்து சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு பிராசஸரையும் தனித்தனியாகக் காட்டும் திரையைத் திறந்தேன். பதினைந்து கோடுகள் தரையில் கிடந்தன, ஒன்று மட்டும் உச்சியில் நின்றது. அந்தக் கோட்டைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு பெரிய கட்டடத்தில் தான் படுகிற பாடு யாருக்கும் தெரியாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போது நான் நினைத்தது என்னைத்தான். வசந்தாவை நினைக்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிமிடமே மாடி ஏறிப்போய் அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். "சார், நேத்து நான் சொன்னது தப்பு." ஐந்து சொல். நான் போகவில்லை. ஒரு வருடம் சண்டை போட்டு வாங்க வைத்த மெஷின். டேட்டாபேஸ் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாமா என்று மேலே ஏற்கெனவே பேச்சு. ஐம்பத்தொரு வயதில் நான் எங்கே போவேன்? இந்த அறையும் இல்லையென்றால் எனக்கு எழுந்து குளிக்கவே காரணம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது, அன்றைக்கு வந்து சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், திங்கட்கிழமை எல்லாம் ஓடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள், வசந்தாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இப்படி ஒரு கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நீங்களும் ஒருநாள் இதே கணக்கைப் போடுவீர்கள். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாதக் கடைசி. வசந்தா வழக்கம்போல ஒன்றேகாலுக்கு வந்தாள். டப்பாவைத் திறந்தாள், சாப்பிடவில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிட்டாங்கக்கா. புதுப்பிக்கலையாம். என் கை ஸ்லோவாயிடுச்சாம்."

நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இப்போது சொன்னால் அவள் மேலே போவாள், அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். முதலில் ஞாயிறு முடியட்டும், சரிசெய்துவிட்டு, அதோடு சேர்த்துச் சொல்வோம். இதுவும் கணக்குதான்.

"பார்க்கலாம் வசந்தா, நான் பேசிப் பார்க்கறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு நேராக மருத்துவமனைக்கு வந்தேன். பெயரை விட்டுவிட்டு, நோயாளி எண்ணைப் பதினாறால் வகுத்தால் வரும் மீதியை வைத்து டேபிளைப் பிரித்தேன். எண்ணுக்கு அப்பா கிடையாது, ஊர் கிடையாது. ரங்கராஜன்கள் பதினாறு பங்கிலும் சீராகப் போய் உட்கார்ந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குச் சோதித்துப் பார்த்தேன். பதினாறு கோடுகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. ஆர். ரங்கராஜன் என்று அடித்து விரலை எடுப்பதற்குள் அத்தனை ரங்கராஜன்களும் திரையில் நின்றார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாம் கவுண்டரில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்குள் வரிசை கரைந்துவிட்டது.

நான் செய்தது உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் பத்து மணிக்குத்தான் புரிந்தது. நிர்வாக அதிகாரி முதல் முறையாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா மேடம்? ஆளை மாத்தினோம், எப்படி ஓடுது பாருங்க."

ஒரே நாளில் இரண்டு மாற்றம் நடந்திருந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரியும். மற்றது எனக்கு மட்டும் தெரியும். நான் யாருக்கும் தெரியாமல் செய்த அந்தத் திருத்தம் வசந்தாவின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. சரிசெய்யாமல் விட்டிருந்தால்கூடப் புதிய பெண்ணும் திணறியிருப்பாள், ஆள் காரணமில்லை என்று இரண்டே நாளில் தெரிந்திருக்கும். நான் மெனக்கெட்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அவள் பெயரைக் கெடுத்திருந்தேன்.

அப்போதும் நான் சொன்னது, "ஆமா சார்."

பதினொரு நாள் ஓட்டினேன். சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார், மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் மூன்றாம் கவுண்டரில் யார் உட்கார வேண்டும் என்பது அவர் கையில் இல்லையே. வசந்தா இரண்டு முறை போன் செய்தாள். பேசிப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை. ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டைத் திறப்பேன், இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் ஊழியர் கூட்டம். நிர்வாக அதிகாரி மூன்றாம் கவுண்டரை உதாரணமாகச் சொன்னார். ஆள் சரியாக இருந்தால் எந்த மெஷினும் ஓடும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கைச் சத்தம் என் காதில் விழுந்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. கூட்டம் முடிந்ததும் அவர் பின்னாலேயே அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், இன்ஷியல், சராசரி, வியாழக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் உங்களைக் கேட்டுட்டுத்தானே மேடம் செஞ்சேன். மெஷினா ஆளான்னு கேட்டேனே."

"ஆமா சார்."

அவர் மேஜைமேல் இருந்த கோப்பை இழுத்துத் திறந்தார். நான்காவதாக ஒரு கவுண்டர் திறக்கப் போகிறோம், அந்த அம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள், பழைய ஒப்பந்தத்தையே தொடரச் சொல்கிறேன் என்றார். எனக்குக் குறிப்பாணை இல்லை, விசாரணை இல்லை, வெளி நிறுவனமும் வரவில்லை. எதற்குப் பயந்து பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது நடக்கவே இல்லை. கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

உடனே போன் செய்தேன். இப்போது அவள் எடுக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு மாடிப் போர்ஷன். பதினோரு வருடம் சேர்ந்து சாப்பிட்டவள், ஆனால் அவள் வீட்டுக்கு நான் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. மகள் கதவைத் திறந்தாள்.

"அம்மா டைப் கிளாஸ் போயிருக்காங்க ஆன்ட்டி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட."

சொல்லிக்கொடுக்கப் போகிறாளா என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. கத்துக்க."

திரும்பப் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரத்தில் இறங்கினேன். ஒரு பாத்திரக் கடைக்கு மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். படி ஏறும்போதே மிஷின் சத்தம் கேட்டது. உள்ளே இருபது மிஷின்கள். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பிள்ளைகள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஜன்னலோர மிஷினில் வசந்தா. நாற்பத்தைந்து வயதுக்காரி, முதல் பாடத்தை வைத்துக்கொண்டு, முதல்நாள் சேர்ந்த குழந்தைகள் அடிக்கும் அதே நான்கு எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை தடவித் தடவி ஒரு வரி அடிப்பதற்குள் இவள் பக்கத்தை முடித்துவிட்டுத் தாளை மாற்றினாள்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கக்கா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டு நிமிஷம் உக்காருங்க, இந்தப் பக்கத்தை முடிச்சிடறேன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "இருவது வருஷம் முன்னாடி இங்கதான் ஹையர் பாஸ் பண்ணேன். முதல் வகுப்பு. இப்பக் கை விட்டுப்போச்சு போல. நீங்களும் சொன்னீங்களே. அதான் முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கேன். மறுபடி எங்கேயாவது கேட்டா வேகமா அடிக்கணும்ல."

"உன் கை ஸ்லோ இல்ல வசந்தா" என்றேன். "என் மெஷின்தான். நான் பிரிச்சதுல தப்பு."

பக்கத்து மிஷின்களின் சத்தத்தில் பாதி அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தடவை, முதலிலிருந்து சொன்னேன். நிர்வாக அதிகாரியிடம் பேசிவிட்டதையும், திங்கட்கிழமை அவளை வரச் சொன்னதையும் சொன்னேன். அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கையைத் தூக்கி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் நினைத்தேன், முடிந்தது, சரியாகிவிட்டது என்று.

அப்புறம்தான் கேட்டாள். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்தப் பொய்யைச் சொல்லாததுதான்.

"வியாழக்கிழமை. உன்னை நிறுத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "அப்ப அந்தச் சனிக்கிழமை? நாம சாப்பிடும்போது?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். மிஷினிலிருந்து தாளை உருவி, மற்ற தாள்களோடு சேர்த்து நான்காக மடித்துப் பையில் வைத்தாள். உறையை எடுத்து மிஷினை மூடினாள். எந்த அவசரமும் இல்லை. அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"திங்கக்கிழமை வந்துடறேன் மேடம். எனக்கு வேலை வேணும்" என்றாள். "ஆனா இனிமே நான் கவுண்டர்லயே சாப்பிட்டுக்கறேன்."

சொன்னபடியே திங்கட்கிழமை வந்தாள். நான் ஓய்வு பெற அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தது. ஏழு வருடமும் அவள் மேலே சாப்பிட்டாள், நான் கீழே சாப்பிட்டேன்.